ஆடாதோடை யாருக்கு?

அத்தியாயம் பதினேழு

போன வாரம் செங்கல் லாரி தெருமுனையில் திரும்பியதோடு நிறுத்தினோம். லாரி போய்விட்டது, செங்கல் இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு கல், தோட்டத்துக்குப் போகிற வழியைப் பாதி மறித்துக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் ஒரு வாரம் பத்திரிகையைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டே வரி. துணிக்கடை முழக்கோலாருக்கும் அவருடைய அண்ணன் மருந்துக்கடைக்காரருக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு கிடையாது. அப்பா போனபிறகு கடைப் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஆரம்பித்தது. அண்ணன் பலகையையும் கடையையும் தம்பியிடமே விட்டுவிட்டு வெளியேறி, மருந்துக்கடை போட்டுவிட்டார். அப்பா விட்டுப்போன மனையில் வீடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கின்றன. நடுவே இரண்டு தோட்டம், ஒரு கிளுவை வேலி. தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவார்கள். போன மாதம் அண்ணன் வீட்டுப் பசலைக்கொடி வேலி தாண்டி வந்து இந்தப் பக்கம் நாலு இலை விட்டது. "ஆக்கிரமிப்பு!" என்றார் முழக்கோலார். வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவர் எழுப்பப் போவதாகக் கடைவீதி பூராவும் சொல்லியும் விட்டார்.

இரண்டு வரிக்குக் கொஞ்சம் மேலேயே போய்விட்டது. பரவாயில்லை, முழக்கோலார் கடையில் துணி கிழித்தாலும் இப்படித்தான், இரண்டு விரற்கடை கூடுதலாகவே வரும்.

காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வந்தார். வேலியை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"மொதலாளி, வேலிய இன்னிக்கே எடுத்தாகணும். நாளைலேருந்து நான் பள்ளிக்கூடத்துக் கட்டட வேலைக்குப் போறேன். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு என்னைப் பிடிக்க முடியாது."

"இன்னிக்கே எடுப்போம்" என்றார் முழக்கோலார்.

"எடுப்போம்" என்றான் மச்சினன்.

மச்சினன் என்றால் அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கடையில் ஆறு வருஷமாக இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் சொல்வது கஷ்டம். முழக்கோலார் எது சொன்னாலும் அதன் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்வான். சில கடைகளில் இதற்கும் ஆள் தேவைப்படுகிறது.

கொத்தனார் கடப்பாரையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. தொப்பியும் முதுகுப்பையுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். விவசாயக் கல்லூரியிலிருந்து வருகிறாளாம். வீட்டுத் தோட்டங்களில் என்னென்ன செடி இருக்கிறது, எது எதற்குப் பயன்படுகிறது, வீட்டில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறாள். இந்தத் தெருவில் இன்று. பின்தெரு நேற்றே முடிந்துவிட்டது.

"இன்னிக்கு முடியாதும்மா. வேலை நடக்குது" என்றார் முழக்கோலார்.

"ஏங்க முடியாது?" என்று உள்ளேயிருந்து மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "போன வாரமே கேட்டுட்டுப் போனாங்க, நான்தான் வரச் சொன்னேன். வேலியிலயும் செடி இருக்குல்ல? பிடுங்கிட்டா அப்புறம் எதை எண்ணுவாங்க? முதல்ல எண்ணட்டும். சுவர் எங்க ஓடிடப் போகுது?"

முழக்கோலார் மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷம் துணிக்கடையில் இருந்தவருக்கு ஒரு விஷயம் தெரியும். வாங்க வந்தவர் ஒரு புடவையை எடுத்து ரொம்ப நேரம் புகழ்ந்துகொண்டிருந்தால், கண் வேறொரு புடவை மேல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தத் தோட்டத்தில் எது அந்த வேறொரு புடவை என்று அவருக்கு விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் இருநூறு வகைத் துணியை விரலால் தொட்டே சொல்லிவிடுகிற மனிதர், செடி விஷயத்தில் மூன்று வகைதான் அறிவார்: சாப்பிடுகிற செடி, சாப்பிடாத செடி, காலைத் தடுக்கிவிடுகிற செடி.

"சரி, எண்ணட்டும். கொத்தனாரே, மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் உட்காருங்க."

"உட்காருங்க" என்றான் மச்சினன்.

கணக்கெடுக்க வந்த பெண் ஒவ்வொரு செடியிலும் எண் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனாள். மனைவி பின்னாலேயே நடந்து, கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கற்பூரவல்லி. சளி பிடிச்சா. கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்குன்னு கேட்டுட்டு வருவாங்க. தூதுவளை, இது வேலியில தானா ஏறிக்கிச்சு. மருதாணி, கைக்கு. பிரண்டை, பார்த்துத் தொடுங்க, அரிக்கும். கற்றாழை, அடுப்புல சுட்டுக்கிட்டா."

முழக்கோலார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். தன் வீட்டில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"இருபத்தேழு?" என்றாள் அந்தப் பெண்.

"ஆடாதோடை."

"உபயோகம்?"

"இருமலுக்கு. இலையைக் கொதிக்க வெச்சுத் தேன் விட்டுக் குடிக்கறது."

"வீட்டுல யாருக்கு?"

அதுவரை ஓடைத் தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்த மனைவியின் பேச்சு சட்டென்று நின்றது.

"பொதுவா."

"பொதுவான்னு இதுல ஒரு கட்டம் இல்லையேக்கா. யாருக்குன்னு எழுதணும். செடியப் பார்த்தா தினமும் பறிக்கற மாதிரி இருக்கு. கீழ்க்கிளை எல்லாம் மொட்டையா நிக்குது பாருங்க."

"ஆமா, நம்ம வீட்டுல யார் இருமறா?" என்று முழக்கோலார் குறுக்கே புகுந்தார்.

மச்சினன் சமயத்துக்கு உதவியாக இருமினான். யாரும் நம்பவில்லை.

"எழுதிக்கோங்க, தம்பிக்கு" என்றாள் மனைவி. அந்தப் பெண் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

அறுபத்தொரு செடி என்று கணக்கு முடிந்தது. செங்கல் மேலேயே உட்கார்ந்து நோட்டைத் திருப்பினாள்.

"கடைசியா ஒண்ணு சார். வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன தொந்தரவு, அதுக்கு என்ன இலை போடறீங்கன்னு எழுதணும்."

முழக்கோலாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் வலியைப் பற்றி யாராவது நோட்டும் பென்சிலுமாகக் கேட்பது தினமும் நடக்கிற காரியமா?

"எனக்கு முட்டி. வலது முட்டி. மூணு வருஷமாச்சு, கடையில ஏணியிலேருந்து விழுந்தேன். தினமும் சாயங்காலம் இவதான் இலை வதக்கி ஒத்தடம் போடுவா. அது போட்டாத்தான் ராத்திரி தூக்கம்."

"என்ன இலை சார்?"

முழக்கோலார் யோசித்தார். "அறுபதாம் நம்பர் மல் துணி. நல்ல துணி. ரெண்டு மடிப்பு."

"துணி இல்ல சார், இலை."

"நொச்சி" என்றாள் மனைவி, பூமியைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண் நோட்டை முன்னால் திருப்பினாள், பின்னால் திருப்பினாள். ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை விரலை ஓட்டினாள்.

"நொச்சி இந்தத் தோட்டத்துல இல்லையேக்கா."

கொத்தனார் தொண்டையைக் கனைத்தார்.

"பின்வீட்டுல இருக்கு. நேத்து எழுதினேன்" என்று அவள் தனக்குத்தானே சொல்வதுபோலத் தொடர்ந்தாள். "அங்கயும் இதே குழப்பம்தான். மூட்டு வலிக்குன்னாங்க. வீட்டுல யாருக்குன்னு கேட்டா வாயே திறக்கல. அங்க இலை இருக்கு, வலி இல்ல. இங்க வலி இருக்கு, இலை இல்ல. ஆடாதோடை இங்க இருக்கு, இருமல்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் வேலியைப் பார்த்தாள். செங்கல்லைப் பார்த்தாள். முழக்கோலார் முகத்தைப் பார்த்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நான் வர்றேன்க்கா, இன்னும் நாலு வீடு பாக்கி" என்று போயே போய்விட்டாள். படித்த பெண்.

முழக்கோலாரின் முட்டி, சாயங்காலம் வரை காத்திருக்காமல், அப்போதே வலிக்க ஆரம்பித்தது.

*

சமையலறையில் மனைவி, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நொச்சி எங்கேருந்து வருது?"

"வேலியிலேருந்து."

"வேலியில நொச்சி காய்க்குதா?"

"வேலிக்குக் கீழேருந்து" என்றாள் அவள். திரும்பவில்லை. "ரெண்டு கிளுவைக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு. நீங்க ஏணியிலேருந்து விழுந்த அன்னிக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு, நான் சருகு கூட்டிட்டு இருந்தேன். ஒரு இலைக்கட்டு உள்ள வந்து விழுந்துது. மறுநாளும் வந்துது. நொச்சின்னு தெரிஞ்சுது, வதக்கிப் போட்டேன். உங்க வலிக்குக் கேட்டுது."

"நீ வாங்கிட்டே இருந்தியா, மூணு வருஷமா?"

"சும்மா வாங்கிக்க நான் என்ன அப்படிப்பட்ட வீட்டுலயா வாழ்க்கைப்பட்டேன்? அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டுட்டே இருந்துது. நான் ஆடாதோடை வெச்சேன். அங்கேருந்து ஒரு கட்டு, இங்கேருந்து ஒரு கட்டு. அவ்வளவுதான்."

"அந்த வீட்டோட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"பேசலையே. சத்தியமா ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசக்கூடாதுன்னுதான் சொன்னீங்க, இலை கொடுக்கக்கூடாதுன்னு எப்ப சொன்னீங்க?"

கடைவீதியில் இப்படி ஒரு பதிலை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கைகொடுத்திருப்பார். வீட்டில் அது முடிகிற காரியமா?

"வேற என்ன வந்துது? உண்மையச் சொல்லு."

"இலையத் தவிர வேற ஒண்ணும் வந்ததில்ல." அவள் ஒரு தட்டை மூன்றாம் முறையாகக் கழுவினாள்.

"யார் கை அது?"

"உங்க அண்ணி, அந்த அக்கா கையாத்தான் இருக்கும், வேற யாரு? நான் குனிஞ்சு பார்த்ததில்ல."

"நான் மத்தியானம் விழுந்தேன். சாயங்காலமே இலை வந்துதுன்னா, என் முட்டி விஷயம் அந்த வீட்டுக்கு யார் சொன்னது?"

"அதான் எனக்கும் இன்னி வரைக்கும் புரியல."

மேடைக்கு அடியிலிருந்த கூடையிலிருந்து நேற்றைய கட்டை அவள் எடுத்து நீட்டினாள். பாதி இலை தீர்ந்திருந்தது. கட்டின நூல் அப்படியே வளையமாகக் கிடந்தது. முழக்கோலார் இலையைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தார்.

நூலில் இருந்தது கடை முடிச்சு.

அது அவருடைய அப்பாவின் முடிச்சு. பொட்டலத்தைத் தலைகீழாக ஆட்டினாலும் அவிழாது. வாலை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அப்பா அதை இரண்டு பேருக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். மச்சினன் ஆறு வருஷமாகப் பழகுகிறான், இன்றைக்கும் அவன் கட்டிய பொட்டலம் கடை வாசற்படியைத் தாண்டாது. அண்ணிக்கு முடிச்சு போட வராது. அண்ணி கடைக்குள் வந்ததே கிடையாது.

ஆக, அக்கா கை இல்லை.

முழக்கோலார் நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எதிரி என்றால் ஒழுங்காக எதிரியாக இருக்க வேண்டாமா? தெருவில் செருப்பு வாரைச் சரிசெய்கிற மனுஷன், நாலரை மணியானால் வேலியடியில் குனிந்து இலை தள்ளுவானேன்? அதுவும் போகட்டும். கண்ணாடி அலமாரி நிறைய இருமல் மருந்து அடுக்கி வைத்திருக்கிறவன், தம்பி வீட்டு ஆடாதோடைக்குக் காத்திருப்பானேன்? ஒரு கேள்விக்கு விடை தேடினால் அதற்குள்ளிருந்து இரண்டு கேள்வி எட்டிப் பார்த்தது.

*

மணி நாலேகால்.

"மொதலாளி, கடப்பாரை போடவா?" என்றார் கொத்தனார்.

"பொறுங்க."

"காலைலேருந்து பொறுத்துட்டுத்தான் இருக்கேன். இருட்டினா வேலியும் தெரியாது, என் காலும் தெரியாது."

"நாலரை வரைக்கும்."

"நாலரைக்கு என்ன இருக்கு?"

"நாலரைக்கு நாலரை இருக்கு. பேசாம உட்காருங்க."

மச்சினன்கூட இதைத் திரும்பச் சொல்லவில்லை.

கடைவீதியில் என்ன பேசுவார்கள் என்று முழக்கோலாருக்குத் தெரியும். 'சுவர் வெச்சாச்சா?' என்று நாளைக்கு ஒவ்வொருத்தனும் கேட்பான். வேலி நின்றால் அவருடைய சொல் விழும். வேலி விழுந்தால் அந்தச் சந்தும் சேர்ந்து விழும். இரண்டில் எதைத் தாங்கலாம் என்று அவர் தட்டில் வைத்துப் பார்த்தார். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை.

முதலில் இலை வேண்டும். ஆடாதோடை, இருபத்தேழாம் எண். எண் என்றால் அவருக்கு மறக்காது. செடிகளை நோக்கி நடந்தார். ஒரு செடியிலும் சீட்டு இல்லை.

"எங்கடா சீட்டெல்லாம்?"

"கடப்பாரை போடும்போது கிழிஞ்சுடுமேன்னு எல்லாத்தையும் கழட்டிப் பத்திரமா எலுமிச்சை மரத்துல கட்டிட்டேன் மாமா" என்றான் மச்சினன், பாராட்டை எதிர்பார்த்து.

எலுமிச்சை மரம் தன்னந்தனியாக அறுபத்தொரு செடியாக நின்றது.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். மூன்று வருஷமாகத் தனக்குத் தெரியாமல் நடந்த வியாபாரத்தில், முதல்நாளே போய் உதவி கேட்பதா? முழக்கோலார் கண்ணை மூடிக்கொண்டார். துணியை நம்புகிற மாதிரி விரலை நம்பினார். ஒன்று வழவழப்பு, வேண்டாம். ஒன்று மெலிசு, சாயம் நிற்காது. இன்னொன்று தடிப்பாக, வரிவரியாக, நல்ல காடாத்துணி போலக் கைக்கு அடங்கியது. மருந்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து ஒரு பிடி பறித்தார். பையிலிருந்த நூலை எடுத்தார். விரல்கள் தாமாகவே முடிச்சைப் போட்டு முடித்தன.

இரண்டு கிளுவைத் தண்டுகளுக்கு நடுவே, தரையை ஒட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சந்து இருந்தது. அந்த இடத்து மண் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வலிக்கிற முட்டியை ஊன்றி அவர் உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது. இருமல். ஒரு கை நொச்சிக் கட்டோடு உள்ளே வந்தது.

சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். கடைக் கதவை இழுத்து மூடும்போது அண்ணன் விரல் இருப்பதைப் பார்க்காமல் இழுத்தது இவர்தான். அப்போது இவருக்குப் பதினாறு வயது. அப்பாவிடம் அண்ணன், 'நானே நசுக்கிக்கிட்டேன்' என்று சொல்லியிருந்தார்.

முழக்கோலார் தன் கட்டைச் சந்துக்குள் வைத்தார். கை எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரே ஒரு இழுப்புச் சத்தம், நூல் அவிழ்கிற சத்தம். இருமல் நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்து இலை மட்டும் திரும்பி வந்தது. நூல் வரவில்லை.

"இது கொய்யா" என்றது குரல். "வலப்பக்கம், ரெண்டாவது."

இருபது வருஷம் கடையில் அண்ணன் முன்னால் நின்று அளப்பார், தம்பி பின்னால் ஓடி எடுத்துவருவார். 'இடப்பக்கம், மேலேருந்து மூணாவது.' 'வலப்பக்கம், ரெண்டாவது.' சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று அண்ணன் திரும்பிப் பார்த்ததே இல்லை. இந்த ஆடாதோடையும் அவர் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய செடிதான், அப்பா நட்ட இடத்தைவிட்டு நகரவில்லை.

முழக்கோலார் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் கால்கள் கிளம்பிவிட்டன. முட்டிகூடத் தடை சொல்லவில்லை.

அவர் எழுந்து வந்ததையே கொத்தனார் உத்தரவாக எடுத்துக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார்.

"கீழே வைய்யா அதை!" என்று முழக்கோலார் போட்ட சத்தத்தில் மச்சினன் செங்கல் குவியலிலிருந்து குதித்துவிட்டான். "இன்னிக்கு வேலை கிடையாது. நீர் பள்ளிக்கூடத்துக்கே போம்."

"அப்ப செங்கல்லு?"

"கிடக்கட்டும். தின்னவா போகுது?"

வலப்பக்கம், இரண்டாவது செடி. கீழ்க்கிளைகள் மொட்டை. மேல்கிளைக்குக் கையை நீட்டினார். கிளை பிரிகிற கவட்டில் இலைக்கு நடுவே வெள்ளையாக ஏதோ செருகியிருந்தது. இழுத்தார்.

காகித உறைகள். சின்னதாக மடித்த மருந்துக்கடை உறைகள், எட்டு இருக்கும். அடியிலிருந்தவை மழையில் ஊறிக் காய்ந்து முறுகியிருந்தன. மேலே இருந்தது புதுசு. எல்லாவற்றிலும் அண்ணன் கடை முத்திரை, அண்ணன் கையெழுத்து. 'காலை ஒன்று. இரவு ஒன்று. நிறுத்தக்கூடாது.'

எட்டும் காலி.

தனக்கு வேலி வழியாக வந்தது இலைதான், மாத்திரை இல்லை. மச்சினன் கல் மாதிரி இருக்கிறான். இந்த வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் யாரும் கிடையாது. அதாவது, அவருக்குத் தெரிந்து.

முழக்கோலார் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் கையில் இருப்பதை அவள் பார்த்தாள். அவர் பார்த்ததையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள். அல்லது எப்போதுமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாளோ, அவர் கவனிக்கவில்லையோ?

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பழைய கடைக் குரலில், அண்ணன் கேட்டார்.

"கிடைச்சுதா?"

ஒரு கையில் ஆடாதோடை. ஒரு கையில் காகித உறைகள்.

"கிடைச்சுதுண்ணே" என்றார் தம்பி.